ஒரே மேசையில் தொழிலும் சமாதானமும்

“இளைஞர்கள் நாட்டின் முதுகெலும்பு” என்று பரிசளிப்பு விழா மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்த முதுகெலும்பு நிமிர்ந்து நிற்க இரண்டு விடயங்கள் வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்று கையில் ஒரு தொழில். மற்றையது பக்கத்தில் இருப்பவரை நம்பும் மனம். இவற்றில் ஒன்று மட்டும் போதாது என்பதை நம் நாட்டு வரலாறே கற்றுத்தருகிறது.

1971 ஏப்ரலில் தெற்கில் ஆயுதம் ஏந்தியவர்களுள் பெரும்பாலோர் கிராமப்புறச் சிங்கள இளைஞர்கள். படித்தும் வேலை கிடைக்காத பலர் அவர்களுள் இருந்தனர். 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், வடக்கின் தமிழ் இளைஞர்களிடம் விரக்தியை வளர்த்தது. 1980களின் இறுதியில் தெற்கில் மீண்டும் கிளர்ச்சி எழுந்தது. இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வேலையின்மையை மட்டுமன்றி, தகுதியைவிட அரசியல் செல்வாக்குக்கே இடம் கிடைக்கிறது என்ற மனக்குறையையும் அது எடுத்துக்காட்டியது.

அப்படியானால் எல்லோருக்கும் தொழில் கொடுத்தால் சமாதானம் வந்துவிடுமா? 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நடத்தியவர்களுள் வசதி படைத்தவர்களும் படித்தவர்களும் இருந்தனர். இதைச் சொல்ல நாம் தயங்கக் கூடாது. தொழிலும் பணமும் மட்டும் ஒருவர் மனதிலுள்ள வெறுப்பை அகற்றிவிடாது.

2015 டிசம்பர் 9 இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2250ஆம் இலக்கத் தீர்மானம், சமாதான முயற்சிகளில் இளைஞர்களும் பங்காளிகள் என்று ஏற்றுக்கொண்டது. பங்கேற்பு, பாதுகாப்பு, தடுத்தல், பங்காண்மை, ஆயுத வழியிலிருந்து விலகி மீள இணைதல் என்பன அதன் ஐந்து தூண்கள். இந்தத் தூண்களின் பொருளை நான் என் வீட்டில்தான் விளங்கிக்கொண்டேன்.

2019 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத என் ராத்தா, கையடக்கத் தொலைபேசி திருத்தும் பாடநெறி ஒன்றைப் பயின்றுகொண்டிருந்தார். வகுப்பில் மூவினத்தவரும் இருந்தார்கள். இருவருக்கு ஒரு பற்றாசுக்கோல். ராத்தாவோடு அதைப் பகிர்ந்தவர் ஒரு சிங்களச் சகோதரி.

தாக்குதலின் பின் ராத்தா வீட்டோடு இருந்துவிட்டார். வயரும் பற்றரியும் நிறைந்த பையோடு ஒரு முஸ்லிம் பிள்ளை பஸ்ஸில் ஏறினால் என்ன நடக்கும் என்று உம்மா பயந்து, பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தார். ஒரு மாதத்தின் பின் அந்தச் சகோதரி எங்கள் வாசலில் வந்து நின்றார். “பேக்க நான் கொண்டு போறன் அங்கிள், நங்கிய அனுப்புங்க” என்று வாப்பாவிடம் தெரிந்த தமிழில் சொன்னார். பாடநெறி முடியும்வரை அந்தப் பை அவர் தோளில்தான் போய்வந்தது.

இன்று ராத்தாவிடம் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. வீட்டு முன்னறையில் தொலைபேசி திருத்துகிறார். தங்கள் குடும்பப் படங்கள் அந்நியர் கைக்குப் போகாது என்பதால் ஊர்ப் பெண்கள் அவரைத் தேடி வருகிறார்கள். உதிரிப்பாகங்களை நகரத்திலிருந்து வாங்கி அனுப்புபவர் அதே தோழிதான்.

இதிலிருந்து மூன்று பாடங்கள் கற்றேன். முதலாவது, மூவினத்தவரும் ஒரே மேசையில் பயில வேண்டும். ஒருநாள் சமாதானக் கருத்தரங்கில் கைகுலுக்குபவர்கள் மறுநாள் பிரிந்துவிடுவார்கள். ஒரு பற்றாசுக்கோலைப் பல மாதங்கள் பகிர்பவர்கள் அப்படிப் பிரிவதில்லை. இரண்டாவது, பயிற்சியோடு அடுத்தவர் மொழியையும் கற்பிக்க வேண்டும். மூன்றாவது, பெண்பிள்ளைகளுக்குத் தையலும் கேக் செய்வதும் மட்டுமே தொழில் என்ற எண்ணம் மாற வேண்டும்.

உயர்தரப் பரீட்சையை எதிர்நோக்கும் எங்களிடம் எல்லோரும் கேட்பது “எந்தக் கெம்பஸ்?” என்றுதான். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே முடிந்தது போல நாமும் அழுகிறோம். தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன. ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என மத்ரஸாவில் படித்த நாம், கைத்தொழிலைக் குறைவாக எண்ணலாமா?

தோழியரே, பெறுபேறு எப்படி வந்தாலும் ஒரு தொழிலைக் கற்போம். அதைக் கற்கும் மேசையில் பக்கத்தில் இருப்பவரின் மொழியையும் கற்போம். ஒருநாள் அவருடைய பையை நாம் சுமக்க வேண்டி வரலாம். அன்று அவர் வாசலுக்குப் போகும் துணிவு நமக்கும் வேண்டும்.