மூன்று பக்கமும் ஐந்து வரியும்

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயத்தில் ஓர் அம்மா குடியிருக்கிறார். கொழுந்து எடுக்கும் வேலை. மாலையில் எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறார்.

அவர் வீட்டில் ஒரு பேத்தி பிறந்தாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அட்சயா மையத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். ஆறு மாதம் ஆயிற்று. பெயர் ஏறவில்லை.

அவர்களுடையது ரோஸ் நிறக் கார்டு. 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தக் கார்டில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. ஆறு மாதத்தில் பேத்திக்கு 30 கிலோ போயிற்று.

அம்மா ஒரு மனு எழுதினார். தானே எழுதினார். மூன்று பக்கம். அதை வகுப்பில் காட்டினார்.

டீச்சர் படித்தார். முதல் பக்கம் முழுவதும் வணக்கமும் வாழ்த்தும். இரண்டாம் பக்கத்தில் மழை, மகனின் வேலை, வீட்டுக் கஷ்டம். மூன்றாம் பக்கத்தின் கடைசியில்தான் பேத்தி வந்தாள். கார்டு எண் எங்கும் இல்லை.

“அக்கா, இதைப் படிக்கப்போவது யார்?”

“சப்ளை ஆபீசர்.”

“அவருக்குத் தமிழ் தெரியுமா?”

அம்மா யோசித்தார். “மலையாளி. பேசினால் புரியும். படிப்பது நம்மை மாதிரி எழுத்துக் கூட்டித்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அப்போ மலையாளத்தில்தான் எழுதணுமா?” என்று ஒருவர் கேட்டார்.

வேண்டியதில்லை. 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இதற்கு உரிமை தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். பாலக்காட்டில் சித்தூர், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழர்கள் பலருக்கே இது தெரியாது.

ஆனால் ஆபீசருக்குப் புரிகிற தமிழாக இருக்க வேண்டும். ‘குடும்ப அட்டை’ என்றால் அவர் தயங்கலாம். ‘ரேஷன் கார்டு’ என்றால் உடனே புரியும். எண்ணையும் தேதியையும் இலக்கத்தில் எழுதினால் எந்த மொழிக்காரரும் படிப்பார்.

கஷ்டங்களை எடுத்துவிட அம்மாவுக்கு மனம் வரவில்லை. “அதைச் சொல்லாவிட்டால் இரக்கம் வருமா?” என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பெயர் சேர்க்க இரக்கம் தேவையில்லை. கார்டு எண் தேவை.

வகுப்பே கூடி மனுவைத் திருத்தியது.

ஐயா,
எங்கள் ரேஷன் கார்டு எண் ............
இதில் என் பேத்தி ............ பெயரைச் சேர்க்க வேண்டும்.
............ தேதியில் விண்ணப்பம் கொடுத்தோம். அதன் எண் ............
6 மாதம் ஆகியும் பெயர் சேரவில்லை.
பெயரைச் சேர்த்து, பதிலைத் தமிழில் தரவும்.

கீழே கையெழுத்து, முகவரி, தேதி. அம்மா இரண்டு பிரதி எழுதினார்.

ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். அங்கிருந்தவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிப் பார்த்தார். விண்ணப்பத்தோடு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வைக்கவில்லை என்றார். ஆறு மாதமாக யாரும் சொல்லாத செய்தி அது.

சான்றிதழ் அம்மாவின் பையில்தான் இருந்தது. அதை எடுத்து நீட்டினார். இரண்டாவது பிரதியில் சீலும் தேதியும் போடச் சொல்லி வாங்கிக்கொண்டார்.