படம் அழகு என்றால் போதுமா? – சித்திரக்கதை வாசகர் கருத்துகள் குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

கல்லூரித் தமிழ்த்துறை மலர் என்றதும் சங்க இலக்கியம், சீறாப்புராணம், திருக்குறள் ஆகியவற்றுள் ஒன்று கட்டுரைப் பொருளாக அமையும் எனப் பலரும் எதிர்பார்ப்பர். இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் சித்திரக்கதை. வகுப்பறையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே இதற்குக் காரணமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் மேசைக்கடியில் ஒரு நூலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தோம். மயிலாப்பூர் லஸ் முனையில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய 'தங்கக் கல்லறை' என்னும் சித்திரக்கதை அது. வகுப்பார் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டு, நூலைக் கைப்பையில் இட்டோம். அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் அதைப் புரட்டத் தொடங்கிய நாம், முடித்த பின்னரே உறங்கச் சென்றோம்.

மறுநாள் நூலைத் திருப்பிக் கொடுத்து, "தம்பி, இதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது?" என்று கேட்டோம். "படம் நல்லா இருக்கும் ஐயா" என்றார். "எப்படி நல்லா இருக்கும்?" என்றோம். விடையில்லை. உண்மையில் அவ்வினாவிற்கு அன்று நம்மிடமும் விடையில்லை. பள்ளி முதல் தமிழ் படித்து வந்த ஒருவர், தமக்குப் பிடித்த ஒன்றைக் குறித்து நான்கு வாக்கியங்கள் சொல்ல இயலாமல் நின்றார் எனின், குறை அவருடையது மட்டுமன்று. கற்பித்த நம்முடையதும் ஆகும். அந்த மௌனத்திற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

படம் பார்த்துப் பேசிய மரபு

படத்தைப் பார்த்துக் கருத்துரைப்பது தமிழர்க்குப் புதியதன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறார். அங்கு வந்தோர் சுவரோவியங்களைச் சுட்டி, இவர் யார், அவர் யார் என வினவுகின்றனர், அறிந்தோர் விளக்குகின்றனர். ஓவியத்தின் முன் மக்கள் கூடி உரையாடியதைச் செய்யுளில் பதிவு செய்த இப்பகுதியை, காண்போர் கருத்தைப் பொருட்படுத்திய பழஞ்சான்றாகக் கொள்ளலாம்.

அச்சுக் காலத்தில் இம்மரபு பருவ இதழ்களுக்கு இடம் பெயர்ந்தது. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' சென்னை வடபழனியிலிருந்து நெடுங்காலம் வெளிவந்தது. அதில் ஓவியர் சங்கர் வரைந்த வேதாளத்தைத் தோளில் சுமக்கும் விக்கிரமனை மறந்த முதியோர் அரியர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' புதினத்திற்கு ஓவியம் தீட்டியவர் மணியம். வந்தியத்தேவன் என்றதும் பலர் உள்ளத்தில் எழுவது அவர் வரைந்த முகமே. 1960-இல் 'தினத்தந்தி' நாளிதழில் தொடங்கிய 'கன்னித்தீவு', ஆயிரத்தொரு இரவுகளின் கடலோடியான சிந்துபாத்தின் பெயரைத் தேநீர்க்கடை தோறும் கொண்டு சேர்த்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' இரும்புக்கை மாயாவியுடன் புறப்பட்டது. 1984-இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு அதே ஊரில் 'லயன் காமிக்ஸ்' தோன்றியது. இவ்விரண்டும் ஐரோப்பிய வீரசாகசக் கதைகளைத் தமிழில் பேச வைத்தன.

வாசகர் கருத்தின் வலிமை

வாசகர் கருத்து வெறும் பாராட்டுரை அன்று. அது மொழியையே தொடவல்லது. முடிவில்லாமல் நீளும் வழக்கையோ பேச்சையோ 'கன்னித்தீவு மாதிரி' என்று நாம் சொல்கிறோம். ஒரு தொடரைக் குறித்து எண்ணற்ற வாசகர் கொண்ட கருத்து, உவமையாகிப் பேச்சு வழக்கில் நிலைபெற்றுவிட்டது. ஆசிரியர்கள் கூடி எழுதும் மதிப்புரை எதற்கும் இப்பேறு எளிதில் வாய்ப்பதில்லை.

சிவகாசி இதழ்களிலும் வாசகர் கடிதங்களுக்குத் தனியிடம் உண்டு. எக்கதையை மறுபதிப்பிட வேண்டும், எந்நாயகன் சலிப்பூட்டுகிறான் என்பதை அவர்கள் தயங்காமல் எழுதுவர். ஆசிரியரும் மறுமொழி தருவார். துண்டுதுண்டாக வந்த 'இரத்தப் படலம்' என்னும் நெடுங்கதையின் 18 பாகங்கள் 2010-இல் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாகவும், 2018-இல் வண்ணத்திலும் வெளிவந்தமைக்கு வாசகரின் விடாத வேண்டுகோளே அடிப்படை.

'மங்கா' எனப்படும் சித்திரக்கதைகளின் தாயகமான ஜப்பானில் இம்முறை இன்னும் கண்டிப்பானது. 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதழ், தன்னுள் ஓர் அஞ்சலட்டையை இணைத்து, பிடித்த கதைகளைக் குறித்து அனுப்புமாறு வாசகரைக் கேட்டது. போதிய ஆதரவு பெறாத தொடர் சில திங்களிலேயே நிறுத்தப்படும். அங்கு வாசகர் கருத்தே தொடரின் ஆயுளை அளக்கும் கோலாக அமைந்தது. ஆயினும் அட்டையில் இடும் குறி 'பிடித்தது' என்று மட்டுமே சொல்லும். 'ஏன் பிடித்தது' என்பதைச் சொல்லாது. நம் மாணவரின் மௌனமும் இத்தகையதே.

தங்கக் கல்லறை: வாசகர் சொல்வன

'தங்கக் கல்லறை' கேப்டன் டைகர் வரிசையைச் சேர்ந்தது. பிரெஞ்சு மொழியில் இந்நாயகன் பெயர் புளூபெர்ரி. ழான் மிஷேல் சார்லியே கதை எழுத, ழான் ஜிரோ படம் வரைய, 1963-இல் 'பிலோத்' இதழில் இவ்வரிசை தொடங்கியது. அரிசோனாப் பாலைநிலத்தில் மறைந்து கிடக்கும் தங்கச் சுரங்கத்தைத் தேடிச் செல்வோரும், அவர்களைத் தங்கக் குண்டுகளால் சுடும் 'ஆவி'யும் இக்கதையின் பொருள். தமிழில் முதலில் கறுப்பு வெள்ளையிலும், பின்னர் வண்ணத்திலும் வெளிவந்தது.

நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு, வகுப்பில் விரும்பியோரை இந்நூலையோ தாம் விரும்பும் வேறொரு சித்திரக்கதையையோ படித்துக் கருத்தெழுதுமாறு கேட்டுக்கொண்டோம். மூத்தோர் சிலரிடமும் கருத்துக் கேட்டோம். மாலையில் தியாகராய நகர்த் துணிக்கடையில் பணிபுரிந்துகொண்டே படிக்கும் மாணவர் ஒருவர், "கட்டத்துக்குக் கட்டம் வசனம் கூடுதல், படத்தைப் பார்க்க விடாமல் எழுத்து மறைக்கிறது" என்று எழுதினார். இது கூரிய கருத்து. சார்லியே சொற்களை வாரி வழங்குபவர். ஓவியர் காட்டிவிட்டதை உரையாடலும் சொல்லும்போது, கூறியது கூறல் என்னும் குற்றம் நேர்கிறது.

மயிலாப்பூரில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வேறொன்று சொன்னார். "எங்கள் காலத்துப் பாக்கெட் அளவு நூல்களில், பெரிய பக்கத்துக் கட்டங்களைப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். மலையும் வானமும் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பெரிய தாளில் பார்த்தபோதுதான் ஓவியர் என்ன செய்திருக்கிறார் என்று விளங்கியது" என்றார். தாளின் அளவும் படைப்பின் பொருளை மாற்றும் என்பதை இக்கருத்து உணர்த்துகிறது.

அடையாற்று மாணவி ஒருவர் கைப்பேசியில் ஆங்கிலத்தில் மங்கா படிப்பவர். ஹயாவோ மியாசாகி 1982 முதல் 1994 வரை வரைந்த 'நௌசிக்கா' கதையைத் தேர்ந்தெடுத்தார். நச்சுக் காட்டையும் பெரும் பூச்சிகளையும் நுணுகி வரைந்த அழகைப் பாராட்டிவிட்டு, "சில பக்கங்களில் கோடுகள் மிகுந்து, எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை" என்றும் எழுதியிருந்தார். அழகே தெளிவுக்குத் தடையாகலாம் என்பது அவர் கண்டது. மியாசாகி, மோபியஸ் என்னும் புனைபெயரில் வரைந்த ஓவியரின் தாக்கம் தம்மிடம் உண்டு என ஒப்புக்கொண்டவர். அந்த மோபியஸ் வேறு யாருமல்லர். டைகரை வரைந்த ழான் ஜிரோவே.

மெய்ப்பாட்டியல் தரும் விடை

இவ்வாறு கருத்துகளைத் திரட்டி வைத்திருந்த நிலையில், ஒரு சனவரித் திங்களில் நந்தனத்தில் நடந்த சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்றிருந்தோம். காமிக்ஸ் கடை முன் நின்ற நெரிசலில் ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொன்னார். நாம் கடிந்துகொண்ட அதே மாணவர். படிப்பு முடித்து வேலையில் இருந்தார். நலம் விசாரித்த பின், "ஐயா, அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களே, படம் எப்படி நல்லா இருக்குன்னு. அந்தப் பாலைவனப் படத்துல மலை அவ்வளவு பெரிசா இருக்கும், ஆள் ரொம்பச் சின்னதா இருப்பான் ஐயா. அதான்" என்றார். அவர் அவ்வினாவை மறக்கவில்லை. அன்று வகுப்பார் முன் கடிந்ததற்கு வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லைங்க ஐயா" என்று சிரித்தார்.

வீடு திரும்பும் வழியில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. மருட்கை, அதாவது வியப்பு, நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். அவை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. கண்டறியாத நிலம் புதுமை; வானளாவிய பாறை பெருமை; அதன் அடியில் புள்ளியாய்ச் செல்லும் மனிதன் சிறுமை. பெருமையையும் சிறுமையையும் ஒரே கட்டத்தில் அருகருகே நிறுத்துவதே ஜிரோவின் ஓவியத் திறன். இதனைத்தான் நம் மாணவர் தம் சொல்லில் சொன்னார். நூற்பாவை நாம் மனப்பாடமாக வைத்திருந்தோம். அதன் பொருளை அவர் கண்டிருந்தார்.

அச்சத்திற்கும் நான்கு களன்கள் உண்டு. அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தங்கக் குண்டால் சுடும் ஆவி அணங்கின் இடத்தில் நிற்கிறது. பொன்னுக்காகக் கொல்வோர் கள்வர். டைகரின் அஞ்சாமை, பெருமிதத்தின் களன்களுள் ஒன்றான தறுகண் ஆகும்.

திணை நோக்கில் காணின், இக்கதையின் நிலம் பாலை. நண்பகல் வெயில், நீரற்ற வழி, வழிமறிக்கும் ஆறலை கள்வர் என முதற்பொருளும் கருப்பொருளும் பொருந்தி வருகின்றன. உரிப்பொருளில் மட்டும் வேறுபாடு. நம் பாலையில் தலைவன் பொருள்தேடிப் பிரிவான். ஆனால் கவிஞனின் கண் பிரிவுத் துயரின்மேல் இருக்கும். இங்கோ பொருளாசையே முன்னிற்க, வீட்டில் காத்திருப்போர் கண்ணில் படுவதில்லை. இவ்வேறுபாட்டை உணரும் மாணவர் இரண்டு இலக்கியங்களையும் ஒருசேரக் கற்றவராவார்.

எதிர்க்கருத்துகள்

மூத்தோர் சிலர், படக்கதை கற்பனையை முடமாக்கும் என்பர். சொல்லைப் படித்து உள்ளத்தில் உருவம் காண வேண்டியவர்க்கு உருவத்தை வரைந்தே கொடுத்துவிடுகிறதே என்பது அவர்தம் கவலை. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்புபவர் வாசகரே. துப்பாக்கி உயர்வது ஒரு கட்டம். குதிரை தனியே ஓடுவது அடுத்த கட்டம். இடையில் நிகழ்ந்ததை யாரும் வரையவில்லை.

மற்றொரு கருத்து இதனினும் கனமானது. இத்தகைய கதைகளில் அபாச்சே முதலிய மண்ணின் மைந்தர் பெரும்பாலும் கூச்சலிட்டுத் தாக்கும் கூட்டமாகவே தோன்றுவர். டைகர் கதைகளில் அவர்கள்பால் பரிவு காட்டும் இடங்கள் உண்டெனினும், கதையைக் காண்பது குடியேறியவனின் கண்ணே. வெகுளியின் களன்களுள் குடிகோள், அதாவது தன் குடிக்கு இழைக்கப்படும் தீங்கு, ஒன்றாகும். அவர்தம் சினத்தின் வேர் அதுவே. அழகிய ஓவியம் இக்கேள்வியை நாம் கேட்காதவாறு கண்ணை மயக்கிவிடலாகாது. படம் எவ்வளவு அழகாக உள்ளதோ, அவ்வளவு விழிப்பும் வாசகர்க்கு வேண்டும்.

முடிவுரை

'படம் அழகு' என்பது கருத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. ஓவியர் எதைப் பெரிதாக்கினார், எதைச் சிறிதாக்கினார்? எங்கே சொல் தேவையற்றது? யாருடைய கண்ணால் கதையைக் காண்கிறோம்? நம்முள் எம்மெய்ப்பாடு எழுந்தது? இந்நான்கு வினாக்களையும் கேட்கப் பழகிய மாணவர் சித்திரக்கதையை மட்டுமன்று, சிலப்பதிகாரத்தையும் திறம்பட நோக்குவர்.

எனவே மாணவர்க்கு நாம் கூறுவது: படிப்பதை மறைத்துப் படிக்க வேண்டா, படித்ததைக் குறித்து ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். ஆசிரியர்க்கும் மூத்தோர்க்கும் நம் வேண்டுகோள்: பிள்ளைகள் கையிலுள்ள நூலைப் பிடுங்கும் முன், அதில் என்ன பிடித்திருக்கிறது என்று ஒரு முறை கேளுங்கள். விடை உடனே வராமற் போகலாம். நமக்கு அது ஒரு புத்தகக் காட்சியின் நெரிசலில், சில ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.