பள்ளிக்கூட வாசலில் போலீஸ் நிற்கணுமா?



கஞ்சா, பையில் கத்தி, கையில் சாதிக் கயிறு, பெண் பிள்ளைகளைக் கேலி செய்வது... குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால், "ஸ்கூலுக்கு ஒரு போலீசைப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்று ஒருவர் சொல்வார். "வேணாம்மா, பசங்க சண்டைக்கெல்லாம் கேசு போட்டுடுவாங்க, அப்புறம் அவன் வாழ்க்கையே போச்சு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

போலீஸ் நிறுத்திய நாட்டில் என்ன ஆச்சு?

அமெரிக்காவில் 1950-களிலேயே சில ஊர்களில் பள்ளிக்குள் போலீசை வைத்தார்கள். 1999-ல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு இது நாடு முழுக்கப் பரவியது. போகப்போக, முன்பு தலைமையாசிரியர் கண்டித்து அனுப்பிய தகராறுகளுக்கும் கைது செய்வது வழக்கமானது. அதில் கறுப்பினப் பிள்ளைகளே அதிகம் மாட்டினார்கள். 2020-ல் மினியாபொலிஸ் நகரப் பள்ளி வாரியம் போலீசோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

சரி, உயிருக்காவது பாதுகாப்பு கிடைத்ததா? 2022 மே 24-ல் டெக்சாஸ் மாநிலம் யுவால்டி ஊர்ப் பள்ளியில் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தான். அந்த ஊரில் பள்ளிகளுக்கென்றே தனிப் போலீஸ் இருந்தது. அன்று வந்து சேர்ந்த போலீசார் மொத்தம் 376 பேர். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வகுப்பறைக்குள் போகாமல் நின்றார்கள். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் 2023-ல் டெக்சாஸ் அரசு பள்ளிக்கு ஒரு ஆயுதக் காவலர் வேண்டும் என்றே சட்டம் போட்டது. அங்கே வாதம் இன்னும் முடியவில்லை.

நம்ம பக்கம் எப்படி?

நம் நாட்டில் வேறு வழியில் முயன்றார்கள். கேரளாவில் 2010-ல் மாணவர் காவல் படை தொடங்கியது. 2018-ல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. இதில் போலீஸ் காவலுக்கு நிற்பதில்லை. பிள்ளைகளுக்குச் சட்டமும் ஒழுங்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோவை மாநகரில் 2022-ல் "போலீஸ் அக்கா" என்று கல்லூரிகளுக்குப் பெண் காவலர்களை ஒதுக்கினார்கள். மாணவிகள் மனம்விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இப்போது நாங்குநேரியைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவு, பட்டியல் சாதி மாணவன் ஒருவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் அவனைத் தொல்லை செய்ததை அவன் புகார் சொன்னதுதான் காரணம். வாசலில் ஒரு போலீஸ் நின்றிருந்தால் இரவில் வீட்டில் நடந்ததைத் தடுத்திருக்குமா? புகார் சொன்ன பிள்ளைக்கு அன்றே பாதுகாப்பு கொடுத்திருக்க வேண்டும். விட்டுப்போனது அதுதான்.

இதற்காக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு நல அலுவலர் வேண்டும், சாதிக் கொடுமை, போதைப்பொருள், பாலியல் தொல்லை, ராகிங் எல்லாவற்றையும் அவர் கவனிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தக் குழு கேட்டது லத்தி பிடித்த ஆளை இல்லை, பிள்ளைகள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் ஆளை.

நம் திட்டக்குடியையும் மறக்க முடியாது. 2014-ல் இரண்டு பள்ளி மாணவிகளைப் பாலியல் தொழிலில் தள்ளிய கொடுமை தெரியவந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேருக்குத் தண்டனை கொடுத்தது. போலீசும் கோர்ட்டும் இல்லாமல் அந்த நீதி கிடைத்திருக்காது. ஆகவே போலீசே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்லுது?

1. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒரு குழந்தைகள் நலக் காவல் அதிகாரி இருக்க வேண்டும் (இளைஞர் நீதிச் சட்டம், 2015). பிள்ளைகள் விஷயத்தை அவர்தான் பார்க்கணும்.

2. 18 வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு போடக் கூடாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும்.

3. கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ தவிர, பிள்ளைமேல் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது.

4. போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது. பிள்ளையின் வீட்டுக்கோ, பிள்ளை விரும்பும் இடத்துக்கோ வந்துதான் கேட்கணும்.

கவனித்தீர்களா? காக்கியைப் பார்த்தால் குழந்தை வாய் திறக்காது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

எதற்கு யாரிடம் போவது?

சண்டை, கெட்ட வார்த்தை, வகுப்புக்குக் கட் அடிப்பது, செல்போன், இதெல்லாம் பள்ளியும் பெற்றோரும் பேசித் தீர்க்க வேண்டியவை.

பாலியல் தொல்லை, ஆயுதம், கஞ்சா விற்பவர், சாதி சொல்லித் தாக்குவது, இவற்றுக்குக் கட்டாயம் போலீஸ். பாலியல் தொல்லை தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு, தலைமையாசிரியராக இருந்தாலும் சரி. "பேர் கெட்டுப்போயிடும்" என்று ஊருக்குள் பேசி முடிப்பது குற்றவாளிக்குத்தான் உதவி.

நாம் செய்ய வேண்டியது

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்:

- பிள்ளைகள் பயமில்லாமல் போய்ச் சொல்ல இந்தப் பள்ளியில் இருக்கும் ஆசிரியர் யார்?
- புகார்ப் பெட்டியை யார், எப்போது திறக்கிறார்கள்? புகார் சொன்ன பிள்ளைக்கு அன்றைக்கே என்ன பாதுகாப்பு?
- நம் காவல் நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அதிகாரி யார்? அவர் பெயரும் போன் நம்பரும் பள்ளிச் சுவரில் இருக்கிறதா?

குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளி மாணவர் உதவி எண் 14417. இரண்டையும் குழுத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகட்டும்.

வாசலில் நிற்கும் ஒரு போலீசைவிட, பெயர் தெரிந்த ஒரு அதிகாரியும், காது கொடுக்கும் ஒரு ஆசிரியரும், தைரியமாகக் கேள்வி கேட்கும் பத்து அம்மாக்களும் பிள்ளைகளுக்குப் பெரிய காவல்.

குழுவில் பேச:
1. உங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு தொல்லை என்றால் முதலில் யாரிடம் சொல்லும்? இன்று இரவே கேட்டுப் பாருங்கள்.
2. மேலே சொன்ன மூன்று கேள்விகளை நம் குழுவிலிருந்து பள்ளியில் யார் கேட்கப் போகிறீர்கள்? பெயரைத் தீர்மானத்தில் எழுதுங்கள்.