நாள் முந்தியா, மாதம் முந்தியா?

எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். சான்றிதழில் அவளுடைய பிறந்த தேதி 04-09-2007. அதாவது செப்டம்பர் 4. கணிப்பொறிப் பட்டியலிலோ அது ஏப்ரல் 9 என்று பதிவாகியிருந்தது. இரண்டும் ஒத்துப்போகாததால் விண்ணப்பம் நின்றுபோயிற்று. தட்டச்சு செய்தவர் சான்றிதழில் உள்ளபடியே அடித்திருந்தார். அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது?

கணிப்பொறி தேதியை நம்மைப் போல் நினைவில் வைப்பதில்லை. பல மென்பொருள்கள் அதை ஒரே எண்ணாக மாற்றிச் சேமிக்கின்றன. எக்செலில் 2001 ஜனவரி 1 என்பது 36892. நாம் அடிப்பதை இந்த எண்ணாக மாற்ற, முதலில் வருவது நாளா, மாதமா என்று அதற்குத் தெரிய வேண்டும். இந்தியாவில் நாள் முதலில். அமெரிக்காவில் மாதம் முதலில். கணிப்பொறியில் அமெரிக்க முறை அமைந்திருந்தால், 04-09 என்பது ஏப்ரல் 9 ஆகிவிடும்.

நம் ஊர்க் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 01-01-2001 அன்று. 31-03-2002 அன்று மீண்டும் பெரம்பலூருடன் இணைந்தது. 23-11-2007 அன்று மறுபடியும் பிரிந்தது. இம்மூன்றையும் அமெரிக்க முறையில் உள்ள எக்செலில் அடித்தால் என்ன ஆகும்?

முதல் தேதியில் தொல்லையில்லை. மற்ற இரண்டிலும் 31ஆம் மாதம், 23ஆம் மாதம் என்று எதுவும் இல்லையே! ஆகவே அவற்றைத் தேதியாகக் கொள்ளாமல் வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். கட்டம் முழுவதையும் எழுத்தாக வைத்து வரிசைப்படுத்தினால், கணிப்பொறி இடப்பக்கத்திலிருந்து ஒப்பிட்டு 01, 23, 31 என்று அடுக்கும். அந்த வரிசைப்படி படித்தால் அரியலூர் இருமுறை பிரிந்து, கடைசியில் பெரம்பலூருடன் இணைந்துவிட்டது என்றாகும். ஆனால் அது இன்றும் தனி மாவட்டம்தான்! எண்ணாகச் சேமித்திருந்தால் வரிசையும் சரியாக இருக்கும். 37346-லிருந்து 36892-ஐக் கழித்து, இணைப்புக்கு முன் 454 நாட்கள் ஓடின என்றும் கண்டுவிடலாம்.

எனினும், இப்படிக் கண்ணில் படும் பிழை நல்ல பிழை. கண்ணில் படாததே ஆபத்தானது. சாதாரண ஆண்டின் 365 நாட்களில், தேதி 12க்கு மேற்பட்டவை 221. இவற்றில் பிழை வெளிப்பட்டுவிடும். மீதி 144. அவற்றில் 1-1, 2-2 போன்ற 12 நாட்கள் எப்படிப் படித்தாலும் ஒன்றே. எஞ்சிய 132 நாட்களும் ஓசையின்றி இடம் மாறும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவதும் தவறு. அரியலூர் ரயில் விபத்து நிகழ்ந்தது 1956 நவம்பர் 23இல். 23-11-56 என்று அடித்தால், 00 முதல் 68 வரையுள்ள எண்களை 2000க்குப் பிந்தியனவாகக் கொள்ளும் மென்பொருள் அதை 2056 ஆக்கிவிடும்.

இனி, தவறைக் கண்டுபிடிக்கும் வழிகள்:

1. எக்செலில் தேதி இயல்பாகக் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்புறம் நிற்கும். முதலில் இதைப் பாருங்கள்.

2. மாதம் பெயராகத் தெரியும்படி அமையுங்கள். இடமாற்றம் உடனே தெரியும்.

3. சோதனைக்கு 25-09 மட்டும் போதாது. 04-09 போன்ற ஒன்றையும் அடித்துப் பாருங்கள்.

4. 2007-11-23 என ஆண்டை முதலில் எழுதுங்கள். இதுவே ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டு முறை. எழுத்தாகச் சேமித்தாலும் வரிசை மாறாது.

ஏற்கெனவே இடம் மாறிய தேதியைக் கணிப்பொறி தானாகக் கண்டுபிடிக்காது. மாணவியின் விண்ணப்பமும் மூலச் சான்றிதழை வைத்து ஒப்பிட்ட பின்னரே திருத்தப்பட்டது.

செய்து பாருங்கள்: உங்கள் வகுப்பில் எத்தனை பேருடைய பிறந்த நாள் அந்த 132 நாட்களுக்குள் வருகிறது? 40 பேர் உள்ள வகுப்பில் சுமார் 14 பேரை எதிர்பார்க்கலாம். உங்கள் விடை எவ்வளவு?