பக்கவாதம்: நாலரை மணி நேரத்துக்குள்ள



2020 மார்ச் 24 சாயங்காலத்தோட தமிழ்நாட்டில் பஸ் நின்னது நம்ம எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தக் கொரோனா காலத்தில் நம்மைப் போன்ற குழுக்கள் முகக்கவசம் தைத்துக் கொடுத்தன. ஆனால் அந்த மாதங்களில் மற்ற நோய்களும் வரத்தான் செய்தன. அதில் ஒன்றான பக்கவாதத்தைப் பற்றி இந்த இதழில் தெரிந்துகொள்வோம்.

2020-இல் நம் நாட்டிலும் வெளிநாடுகளிலும் பல ஆஸ்பத்திரிகளில் பக்கவாதம் என்று வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். நோய் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வண்டி கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா ஒட்டிக்கும், தனியா அடைச்சு வச்சிருவாங்க என்ற பயம் வேறு. வாய் லேசாகக் கோணியது, கை கொஞ்சம் மரத்தது என்றிருந்த பலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். போனவர்களிலும் பலர் தாமதமாகத்தான் போனார்கள். இத்தனைக்கும் கொரோனா கிருமியே சிலருக்கு ரத்தத்தை உறைய வைத்துப் பக்கவாதத்தைக் கொண்டுவந்தது.

தாமதம் ஏன் இவ்வளவு கெடுதல்? மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது. அதை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஏனென்றால் சிலருக்கு அடைப்பு இருக்காது, குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருக்கும். அவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து. ஸ்கேன் இல்லாமல் எது என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் நாமாக ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. சோறு, தண்ணி எதுவும் வேண்டாம், புரையேறிவிடும். புறா ரத்தம் தேய்ப்பதும் எண்ணெய் போட்டு நீவுவதும் நம்ம ஊரில் ரொம்ப நாள் பழக்கம்தான். அதில் போகிற நேரம் திரும்பி வராது.

சந்தேகமா இருந்தா சிரிக்கச் சொல்லுங்க, வாய் ஒரு பக்கம் இழுக்குதா பாருங்க. ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க, ஒண்ணு கீழே இறங்குதா பாருங்க. பேரைக் கேளுங்க, நாக்கு குழறுதா? இதில் ஒன்று திடீரென்று வந்திருந்தாலும் உடனே 108-க்குப் போன் போடுங்க. கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க என்று குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அரை மணியில் தானாகச் சரியானாலும், நாலரை மணி தாண்டிவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்கேன் இருக்காது. எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் ஸ்கேன் எடுத்து ஊசி போடுகிறார்கள் என்று இப்போதே விசாரித்து, அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்வோம். பஸ் ஓடாத நாளில் யார் வண்டி வரும் என்பதையும் சேர்த்து எழுதணும். அவசரக் கடனுக்குப் பெட்டியில் பணம் இருந்தும் சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லையென்றால் என்ன பயன்? இன்னொருவர் பெயரையும் முடிவு செய்துகொள்ளலாம்.

ஊரடங்கில் பிரஷர் மாத்திரை தீர்ந்து, வாங்கப் போகாமல் விட்டவர்களும் உண்டு. பக்கவாதத்துக்குப் பெரிய காரணமே பிரஷர்தான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு தேடி மாத்திரை கொடுக்கும் வேலைக்கு மகளிர் குழுப் பெண்களையே எடுத்தார்கள். உங்கள் தெருவில் யாருக்கு மாத்திரை விட்டுப்போயிருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.