அழுத்தினா பதில் சொல்லணும்!



முதல்ல ஒரு சின்னச் சம்பவம். எங்க ஆயா நாற்பது வருஷமா கூடையில மீன் விக்கிறவங்க. நண்டைக் கையில எடுத்து ஓட்டை லேசா அழுத்திப் பார்த்தே, இது சதை நண்டா, தண்ணி நண்டான்னு சொல்லிடுவாங்க. அவங்களை ஒருநாள் ஒரு ஏடிஎம்முக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். நான் சொல்லச் சொல்ல அவங்களே பட்டனை அழுத்தினாங்க. சத்தமும் வரல, திரையும் மாறல. மறுபடி அழுத்தினாங்க. மறுபடியும் அப்படியே. உடனே கையை இழுத்துக்கிட்டு, "டேய், நான் படிக்காதவ. எதையோ கெடுத்துட்டேன் போலக்கீது. வா, போயிடலாம்"னு சொன்னாங்க.

இதை வகுப்புல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அறிவியல் ஆசிரியர் மட்டும் சிரிக்கல. "தப்பு ஆயா மேலயா, மெஷின் மேலயா? யோசிச்சு எழுதிக்கிட்டு வா"ன்னார். யோசிச்சதும் படிச்சதும்தான் இந்தக் கட்டுரை.

1. மெஷினுக்கும் முகம் உண்டு

எந்தக் கருவிக்கும் உள்ளே ஒரு பகுதி, வெளியே ஒரு பகுதி உண்டு. உள்ளே கம்பி, சர்க்யூட், புரோகிராம். வெளியே பட்டன், விளக்கு, திரை, சத்தம். இந்த வெளிப்பகுதிக்குப் பயனர் இடைமுகம் என்று பெயர். ஆங்கிலத்தில் யூசர் இன்டர்ஃபேஸ். தண்ணியில வர்ற தோணியும் கரையில நிக்கிற ஆளும் சந்திக்கிற இடம் படகுத்துறை. அதுபோல மனுஷனும் மெஷினும் சந்திக்கிற இடம் இடைமுகம். துறை சரியில்லைன்னா எவ்வளவு நல்ல தோணியா இருந்தாலும் இறங்குறவர் தடுக்கித்தான் விழுவார்.

நல்ல இடைமுகத்துக்குப் பல விதிகள் உண்டு. அதில் ஒன்றை மட்டும் இன்று படிப்போம்: மனிதன் அழுத்தினால் மெஷின் பதில் சொல்ல வேண்டும்.

ஏரியில எதிரே போற தோணியைக் கூப்பிடுறோம். அவர் "ஓ"ன்னு ஒரு குரல் கொடுக்கிற வரைக்கும் நாம் விடுவோமா? மாட்டோம். அவர் வேலையை அப்புறம் செய்யட்டும். கேட்டுதுன்னு முதல்ல சொல்லணும். கருவியிடமும் மனித மனம் இதையேதான் எதிர்பார்க்கிறது.

எவ்வளவு சீக்கிரம் பதில் வரணும்? இதற்கும் கணக்கு இருக்கிறது. 1968-ல் ராபர்ட் மில்லர் என்பவர் இதைப் பற்றி எழுதினார். பிறகு ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் மூன்று அளவுகளாகச் சொன்னார்:

* ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்தால், "உடனே நடந்தது" என்று தோன்றும்.
* 1 நொடி ஆனால் தாமதம் தெரியும். ஆனாலும் நினைப்பு அறுந்துபோகாது.
* 10 நொடிக்கு மேல் ஆனால் கவனம் வேறு பக்கம் போய்விடும். அதற்குள் "வேலை நடக்கிறது" என்று மெஷின் ஏதாவது ஒரு அடையாளம் காட்ட வேண்டும்.

ஆயா நின்ற இடத்தில் எந்த அடையாளமும் வரல. அதனாலதான் தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டாங்க.

2. பதில் சொல்லும் பெட்டி

நல்ல உதாரணம் நம்ம பள்ளிக்கூடத்துக்கே தேர்தல் சமயத்தில் வரும். அதுதான் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். 1982-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் வந்துவிட்டது.

அது எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். அதிகாரி தன் பக்கத்துப் பட்டனை அழுத்தியதும் நம் முன்னால் பச்சை விளக்கு எரியும். "நான் தயார்" என்று அர்த்தம். நாம் நீலப் பட்டனை அழுத்தியதும் அந்தச் சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதன்பின் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு 7 நொடி தெரியும். நீளமாக ஒரு 'பீப்' சத்தமும் கேட்கும். கண்ணுக்கும் பதில், காதுக்கும் பதில்! மறுபடி அழுத்தினாலும் இரண்டாவது ஓட்டு விழாது. எழுத்துத் தெரியாதவருக்குச் சின்னம் இருக்கிறது. கண் தெரியாதவருக்குப் பிரெயில் எண் இருக்கிறது.

இதே எங்க ஆயா ஒவ்வொரு தேர்தலிலும் தனியா உள்ளே போய் ஓட்டுப் போட்டுட்டு, நிமிர்ந்த தலையோடதான் வெளியே வருவாங்க. அதே கை, அதே விரல். அப்போ மாறினது என்ன?

3. பொய்ப் பதில் சொன்ன விளக்கு

பதில் வந்தால் மட்டும் போதுமா? போதாது. பதில் உண்மையாகவும் இருக்க வேண்டும்.

1979 மார்ச் 28, அதிகாலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அங்கே அழுத்தம் கூடினால் திறந்து, குறைந்ததும் மூடிக்கொள்ளும் ஒரு வால்வு இருந்தது. (நம்ம வீட்டுக் குக்கர் வெயிட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அன்று அது திறந்தது, ஆனால் மூடாமல் மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள்.

உண்மையில் அந்த விளக்கு காட்டியது "மூடு என்று கட்டளை போய்விட்டது" என்பதை மட்டும்தான். வால்வு மூடியதா என்று அதற்குத் தெரியவே தெரியாது! 2 மணி நேரத்துக்கு மேல் அந்த வழியாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் மையப் பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது.

பிறகு அந்த நிலையத்தை ஆராய அழைக்கப்பட்டவர்களில் டொனால்ட் நார்மன் என்ற உளவியல் அறிஞரும் ஒருவர். அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி 1988-ல் அவர் எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அவர் கருத்தின் சாரம் இதுதான்: ஒரே இடத்தில் பலர் தடுமாறினால், மனிதர்களைத் திட்டாதே, அந்த இடத்தைத் திருத்து.

நன்றாகக் கவனியுங்கள். திரீ மைல் ஐலண்டில் இருந்தவர்கள் படித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள். அவர்களையே ஒரு விளக்கு ஏமாற்றியது. எங்க ஆயா எம்மாத்திரம்?

4. நடுக்கடலில் ஒரு பட்டன்

இனி நம்ம கதைக்கு வருவோம். நம்ம பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கிருந்து ராக்கெட் விடும் இஸ்ரோதான் மீனவர்களுக்காக ஒரு கருவியையும் உருவாக்கியது. அதன் பெயர் டிஸ்ட்ரஸ் அலர்ட் டிரான்ஸ்மிட்டர், சுருக்கமாக 'டாட்'. தமிழில் ஆபத்து அறிவிப்புக் கருவி எனலாம். 2010 முதல் இது பயன்பாட்டில் உள்ளது. செல்போன் டவர் எட்டாத தூரத்தில் ஆபத்து வந்தால் இதை இயக்க வேண்டும். செய்தி செயற்கைக்கோள் வழியாக மையத்துக்குப் போகும். படகு இருக்கும் இடம் தெரியும். அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு மையங்களுக்குத் தகவல் போகும்.

நல்ல கருவிதான். ஆனால் முதல் தலைமுறைக் கருவியில் செய்தி ஒரு பக்கமாகத்தான் போகும். கரையிலிருந்து பதில் வராது. கொஞ்சம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். எஞ்சின் நின்னுடுச்சு. ராத்திரி நேரம். படகுல தண்ணி ஏறுது. அப்பா பட்டனை அழுத்திட்டார். செய்தி போச்சா, போகலையா? படகுலயே காத்திருக்கணுமா, கேனைக் கட்டிக்கிட்டுக் கடல்ல குதிக்கணுமா? பதில் தெரியாத அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு உயிர் சம்பந்தப்பட்டது.

இந்தக் குறையை இஸ்ரோ திருத்தியது. 2024 ஜனவரியில் அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் "உங்கள் செய்தி கிடைத்தது" என்ற பதில் கடலில் இருப்பவருக்கே திரும்பி வரும். புயல், சுனாமி எச்சரிக்கையும், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களின் விவரமும் வரும். புளூடூத் மூலம் செல்போனோடு இணைத்து, செய்தியைத் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

ராக்கெட் விடும் விஞ்ஞானிகளே "பதில் இல்லாதது குறைதான்" என்று கருவியை மாற்றியிருக்கிறார்கள். அப்படியிருக்க நாம் ஏன் வெட்கப்படணும்?

5. ஈரக் கையும் தொடுதிரையும்

உப்புத்தண்ணி பட்ட கையால் செல்போன் திரையைத் தொட்டிருக்கிறீர்களா? தொடாத எழுத்தெல்லாம் தானா விழும். காரணம், தொடுதிரை விரலை மின்னூட்டத்தின் மாற்றத்தால்தான் உணர்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் நீர்த்துளியையும் அது விரல் என்று நினைத்துவிடுகிறது. இதுவும் ஒரு பொய்ப் பதில்தான். பழைய பட்டன் போனில் அழுத்தியது விரலுக்கே தெரியும். 5 என்ற எண்ணின் மேல் சின்னப் புள்ளி இருக்கும். இருட்டிலும் தடவியே கண்டுபிடிக்கலாம். புதுசு எல்லாம் நமக்கு நல்லது என்றும் இல்லை, பழசு எல்லாம் மட்டம் என்றும் இல்லை. யார் கைக்கு, எந்த இடத்துக்கு என்பதே கேள்வி.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒரு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயே திறக்கக் கூடாது. சிரிக்கவும் கூடாது! அவர் எந்த இடத்தில் நின்று யோசிக்கிறார், எந்தப் பட்டனை இரண்டு முறை அழுத்துகிறார் என்று நோட்டில் குறியுங்கள். அந்த இடங்களில்தான் கருவி பதில் சொல்லத் தவறியிருக்கிறது. குறித்ததை அறிவியல் மன்றத்தில் கொடுங்கள். அடுத்த தாளில் சேர்த்து எழுதுவோம்.

நினைவில் வை: நல்ல கருவி சீக்கிரம் பதில் சொல்லும், உண்மையைச் சொல்லும், நமக்குப் புரிகிற மாதிரி சொல்லும்.

இதையெல்லாம் ஆயாகிட்ட படிச்சுக் காட்டினேன். வெத்தலையை மென்னுக்கிட்டே கேட்டாங்க. கடைசியில, "அப்போ அன்னிக்கு நான் ஒண்ணும் கெடுக்கலியா?"ன்னாங்க.

"இல்ல ஆயா. அதுதான் உனக்குப் பதில் சொல்லல."

"அப்ப நாளைக்கு மறுபடி போலாம், வா."

— அறிவியல் மன்றத்துக்காக, 10-ஆம் வகுப்பு மாணவன்