கறுத்துப்போன துண்டு

கேள்வி: ஐயா, தூத்துக்குடிக்காரன் நான். பயணக் கப்பல் ஒன்றில் மின்பணியாளராக இருக்கிறேன். கரீபியக் கடலில் பொனேர் தீவில் கப்பல் நின்றபோது முக்குளிக்கப் போனேன். சுமார் 18 மீட்டர் ஆழத்தில், மங்கிய ஊதா நிறத்தில், என் கையைவிட நீளமான நாலைந்து குழாய்கள் ஒரே அடியிலிருந்து கிளம்பி நின்றன. கடற்பஞ்சு என்று தெரிந்தது. என்ன இனம் என்று தெரியவில்லை. கூட வந்த வழிகாட்டி 'அடுப்புப் புகைபோக்கி' என்றார். கைபேசிச் செயலி 'மஞ்சள் குழாய்' என்றது. கப்பல் நண்பர் ஒருவர் இரண்டும் இல்லை என்கிறார். பக்கத்தில் உடைந்து கிடந்த விரல்நீளத் துண்டு ஒன்றை எடுத்து வந்தேன். உள்ளே வெளிர்மஞ்சளாக இருந்தது மாலைக்குள் மை கொட்டியதுபோல் கறுத்து, இப்போது காய்ந்து கிடக்கிறது. கெடுத்துவிட்டேனே என்று வருத்தம். சரியான பெயர் என்ன? நம் மன்னார் வளைகுடாவிலும் இது உண்டா?

பதில்: முதலில் ஒரு கண்டிப்பு. பொனேரைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் காப்பகம். உயிருள்ளதோ இறந்ததோ, அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. அடுத்த முறை படம் மட்டும் போதும்.

ஆனால் எடுத்தது எடுத்ததாயிற்று. கெடுத்துவிட்டதாக நீங்கள் வருந்துகிற அந்தக் கறுப்புதான், நீங்கள் அனுப்பிய ஏழு படங்களையும்விட எனக்கு அதிகம் சொன்னது. குழாய்க் கடற்பஞ்சு எல்லாம் இப்படிக் கறுப்பதில்லை. அப்ளைசினா என்ற பேரினத்திலும் அதன் நெருங்கிய உறவுகளிலும் உள்ள மஞ்சள் நிறமி, காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கருநீலமாகி, பிறகு கறுத்துவிடும். நறுக்கிய வாழைக்காயை நீரில் போடாமல் வைத்தால் கறுக்குமே, ஏறக்குறைய அந்தக் கதைதான். மத்தியதரைக் கடலில் வாழும் இதன் உறவினம் ஒன்றுக்கு 'காற்றுக்கு அஞ்சுவது' என்று பொருள்படும்படி ஏரோஃபோபா என்றே பெயர்.

இதனால் உங்கள் நண்பர் நினைத்திருக்கக்கூடிய மூன்றாவது பெயர் விழுந்துவிடுகிறது. கரீபியக் கடலில் சாம்பல்-ஊதாக் குழாய் என்றதும் பலர் சொல்வது கல்லிஸ்பாஞ்சியா. பழைய நூல்களில் வஜைனாலிஸ், இப்போதைய பட்டியலில் அக்யூலியாட்டா. அதன் புறத்தோலில் கூம்புக் கூம்பாக மேடுகள் இருக்கும், குழாய்க்குள் பெரும்பாலும் நொறுங்கு நட்சத்திரங்கள் ஒளிந்திருக்கும். அது கறுக்காது.

வடிவத்தை நம்பி இறங்கினால் கடற்பஞ்சு நம்மை ஏமாற்றும். நீரோட்டம், வெளிச்சம், ஆழம் மாறினால் ஒரே இனம் தடித்தும் மெலிந்தும் கிளைத்தும் வளரும். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்கள் குழாய் வடிவத்தில் வந்து நிற்கும். அதனால்தான் நாங்கள் எலும்புக்கூட்டைப் பார்க்கிறோம்.

அதை நீங்களே பார்க்கலாம். துண்டின் ஓரத்தில் அரிசி அளவு வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் துணி வெளுக்கும் பிளீச் சில துளி விட்டு ஓர் இரவு வையுங்கள். சதை கரைந்துவிடும். பெரும்பாலான கடற்பஞ்சுகளில் அடியில் வெள்ளைப் பொடி படியும்; நுண்ணோக்கியில் அது கண்ணாடி ஊசிகளாகத் தெரியும். நுண்முள் என்போமே, அதுதான். கல்லிஸ்பாஞ்சியாவாக இருந்தால் இருமுனையும் கூரான ஊசிகள் கிடைக்கும். உங்கள் துண்டில் எதுவும் மிஞ்சாது என்பது என் கணிப்பு. ஓரிரண்டு ஊசி தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். அக்கம்பக்கத்துக் கடற்பஞ்சிலிருந்து நீரோடு வந்து ஒட்டியதாக இருக்கும்.

பிறகு இன்னொரு சிறு பகுதியைச் சவர பிளேடால் காகிதம்போல் சீவி வெளிச்சத்தில் பிடியுங்கள். தேன் நிற நார்கள் பலகோணக் கண்ணிகளாகப் பின்னியிருக்கும். பீர்க்கங்கூட்டைச் சிறிதாக்கினால் எப்படியோ அப்படி. ஒரு நாரைக் குறுக்கே பாருங்கள். வெளியே பட்டை, நடுவில் கருத்த உள்ளீடு, அதாவது சோற்றி. குளியல் பஞ்சின் நாரில் இப்படிச் சோற்றி கிடையாது. இரண்டையும் நுண்முள் இல்லாதவை என்ற ஒரே காரணத்துக்காக நெடுங்காலம் ஒரே கூட்டத்தில் வைத்திருந்தார்கள். நியூசிலாந்தின் பெட்ரீசியா பெர்க்விஸ்ட் 1978-இல் இந்தச் சோற்றி நார்க்காரர்களைத் தனி வரிசையாகப் பிரித்தார். இவற்றில் புரோமின் கலந்த வேதிப்பொருள்கள் நிறைந்திருப்பதும் அந்தப் பிரிவினைக்குத் துணை நிற்கிறது. ஆக உங்களுடையதன் முகவரி: துளையுடலிகள் தொகுதி, டெமோஸ்பாஞ்சியே வகுப்பு, வெரோஞ்சியிடா வரிசை, அப்ளைசினிடே குடும்பம், அப்ளைசினா பேரினம்.

இதுவரை உறுதியாகச் சொல்வேன். இதற்கு மேல் சிற்றினம் என்று வரும்போது குரல் கொஞ்சம் தாழ்கிறது. செயலி சொன்ன மஞ்சள் குழாய், அப்ளைசினா ஃபிஸ்டுலாரிஸ். அது பளிச்சென்ற மஞ்சள், ஆழம் குறைந்த இடங்களில் மான்கொம்புபோல் நீட்சிகளும் விடும். லாகுனோசா என்ற இன்னொன்று தடித்த சுவரும் ஆழமான பள்ளங்களும் கொண்டது. மெல்லிய, நீண்ட, ஊதாக் குழாய், அதுவும் ஒன்றரை மீட்டர்வரை வளரக்கூடியது என்றால், ஆர்ச்செரி. வழிகாட்டி சொன்ன புகைபோக்கி இதுதான். மரபணுச் சோதனை செய்தால் தீர்ந்துவிடுமே என்பீர்கள். இந்தப் பேரினத்தில் வழக்கமான மரபணுப் பட்டை இரண்டு சிற்றினங்களைப் பிரித்துக் காட்டாமல் கைவிரிப்பதுண்டு.

பெயரை முழுதாக எழுதினால் அப்ளைசினா ஆர்ச்செரி (ஹிக்கின், 1875). அந்த அடைப்புக்குறி அலங்காரமல்ல. முதலில் பெயர் வைத்தவர் வேறு பேரினத்தில் வைத்தார் என்று அதற்குப் பொருள். யுகாத்தானிலிருந்து லிவர்பூல் அருங்காட்சியகத்துக்கு வந்த மாதிரியைப் பார்த்து ஹிக்கின் இட்ட பெயர் லுஃபேரியா. லுஃபா என்பது நம் பீர்க்கின் தாவரவியல் பெயர். பிறகு சிலகாலம் வெரோஞ்சியா. 1970-இல் ஹென்றி ரெய்ஸ்விக், ஜமைக்காவில் இந்தக் குழாய்கள் திடீரென்று புகைவிடுவதுபோல் விந்தணுக்களைக் கக்கியதைக் கண்டு எழுதிய கட்டுரையில் அந்தப் பெயர்தான் இருக்கும். தேடும்போது மூன்றையும் போட்டுத் தேடுங்கள்.

மன்னார் வளைகுடாவில் ஆர்ச்செரி கிடையாது. அது மேற்கு அட்லாண்டிக் ஆசாமி. மன்னாரில் குழாய் ஒன்றைக் கண்டால் இந்தப் பெயரை ஒட்டிவிடாமல், விலங்கியலாளர் ஹெர்ட்மன் இலங்கை முத்துப்படுகைகளில் சேகரித்தவற்றைப் பற்றி ஆர்தர் டெண்டி 1905-இல் எழுதிய அறிக்கையிலிருந்து தொடங்குங்கள்.

காய்ந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். சிறு உறையில் போட்டு, இடம், ஆழம், நாள், உயிரோடிருந்தபோது நிறம், கறுக்க எடுத்த நேரம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பின்னால் யாராவது ஆல்கஹாலில் போட்டால் பேனா மை கரைந்துவிடும். பெயர் என்ற இடத்தில் 'அப்ளைசினா, ஆர்ச்செரியாக இருக்கலாம்' என்று எழுதினால் போதும்.